காணாமலே கண்ட உருவங்கள்

கரிம வேதியியல் என்றால் நம்மில் பலருக்கு ஒருவகை மருட்சி உண்டு. பாடநூலைத் திறந்தால் அறுகோணங்கள், கோடுகள், கோடுகளின் முனையில் எழுத்துகள், அவற்றின் கீழே வாயில் நுழையாத பெயர்கள். தேர்வுக்கு முந்திய இரவில் இவற்றை உருப்போடுகிறோம். தேர்வு முடிந்த மறுநாளே மறந்து விடுகிறோம். தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்து, ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்து, ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்குவோர்க்கு இம்மருட்சி இரட்டிப்பாகிறது. நானும் அவ்வழியில் வந்தவனே. இப்போது எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் இத்துறையையே சிறப்புப் பாடமாகப் படித்து வருகிறேன். நம் சங்கத்தின் முதலாண்டுத் தம்பி தங்கையர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணா, பென்சீன் அறுகோணமாக இருக்கிறது என்கிறார்களே, அதை யார் பார்த்தது?”

யாரும் பார்க்கவில்லை என்பதே நேர்மையான விடை. அணுவைக் காட்டவல்ல கருவி எதுவும் இல்லாத காலம் அது. தராசும் வெப்பமானியும் சோதனைக் குழாயுமே வேதியியலார் கையில் இருந்தன. அவற்றைக் கொண்டே மூலக்கூறின் உள்ளமைப்பை அவர்கள் உய்த்துணர்ந்தனர். அவர்களுக்குப் பெருந்துணையாக நின்றது எண்ணிக்கை. ஒரு பொருள் எத்தனை வடிவங்களில் கிடைக்கிறது, அதிலிருந்து எத்தனை புதிய பொருள்கள் பிறக்கின்றன என்று எண்ணிப் பார்த்தே பெரும்பாலான முடிவுகளை எட்டினர். ஆகவே ஆசிரியர் கரும்பலகையில் வரையும் ஒவ்வோர் அமைப்பு வாய்பாட்டையும் ஒரு வழக்கின் தீர்ப்பாகக் கொள்ளலாம். தீர்ப்புக்குப் பின்னால் சாட்சிகளும் எதிர்வாதங்களும் உண்டு. அவற்றை அறிந்தவனுக்கு உருப்போட வேண்டிய சுமை பாதி குறையும் என்பது என் துணிபு. அந்த வழக்கின் கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

உயிராற்றல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொருள்களை இரு பெரும் பிரிவாகப் பிரித்தனர். உப்பு, சுண்ணாம்பு, உலோகங்கள் முதலியன ஒரு பிரிவு. சர்க்கரை, எண்ணெய், சாராயம், சாயம் முதலாகச் செடி கொடிகளிலிருந்தும் விலங்குகளிலிருந்தும் கிடைப்பன மற்றொரு பிரிவு. பின்னவற்றை ஆக்குவதற்கு உயிர்களிடம் மட்டுமே உள்ள ஒரு தனியாற்றல் தேவை என்று பலர் நம்பினர். அக்காலத்தில் வேதியியல் உலகின் தலைவர் போல் விளங்கிய ஸ்வீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியசும் இக்கருத்தினரே.

1828-இல் அவருடைய மாணவர் வோலர் பெர்லினில் ஒரு சோதனை செய்தார். அப்போது அவருக்கு வயது 27. அம்மோனியம் சயனேட்டு என்னும் உப்பை ஆக்க முயன்றபோது, அவருக்குக் கிடைத்தது சிறுநீரில் காணப்படும் யூரியா. சிறுநீரகத்தின் துணையே இன்றி யூரியாவை ஆக்க முடிகிறது என்று தம் ஆசிரியருக்கு மகிழ்ச்சியோடு கடிதம் எழுதினார்.

அன்றே உயிராற்றல் கொள்கை மாண்டது என்று பல நூல்கள் எழுதுகின்றன. அவ்வளவு விரைவில் அது மாளவில்லை. வோலர் பயன்படுத்திய மூலப்பொருள்களே விலங்குகளிடமிருந்து வந்தவை அல்லவா என்று ஐயுற இடம் இருந்தது. 1845-இல் கோல்பே என்னும் ஜெர்மானியர் கார்பன் டைசல்பைடிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அசெட்டிக் அமிலத்தை ஆக்கினார். இத்தகைய வெற்றிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்த பிறகே பழைய நம்பிக்கை வலுவிழந்தது. கோல்பேயின் பெயரை நினைவில் வையுங்கள். அவர் மீண்டும் வருவார்.

நம் கதைக்கு வோலர் சோதனையின் மற்றொரு பக்கமே முக்கியமானது. அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் உள்ள அணுக்கள் ஒன்றே: கார்பன் ஒன்று, ஆக்ஸிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு. கூட்டு ஒன்றாக இருக்கப் பொருள் மட்டும் எங்ஙனம் வேறாகும்?

தவமும் வதமும்

இவ்வினா அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எழுந்திருந்தது. 1820-களில் வோலர் வெள்ளிச் சயனேட்டையும், லீபிக் வெள்ளி ஃபல்மினேட்டையும் தனித்தனியே பகுத்து ஆராய்ந்தனர். முன்னது சாதுவான பொருள். பின்னது சற்றே உரசினாலும் வெடிப்பது. இரண்டிலும் வெள்ளி, கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகியவை அதே அளவில் இருந்தன. மற்றவருடைய பகுப்பாய்வு பிழையாக இருக்கும் என்றே முதலில் ஐயம் எழுந்தது. மீண்டும் ஆராய்ந்ததில் இருவரும் சொன்னது சரியென்று தெரிந்தது. இருவரும் பின்னர் வாழ்நாள் நண்பராயினர்.

இவ்வாறு ஒரே கூட்டுடைய வெவ்வேறு பொருள்களுக்கு 1830-இல் பெர்சீலியஸ் ஐசோமர் என்று பெயரிட்டார். நாம் மாற்றியம் என்கிறோம். தமிழ் மாணவருக்கு இதை விளக்க இரண்டு சொற்கள் போதும்: தவம், வதம். எழுத்துகள் மூன்றும் அவையே. நின்ற வரிசைதான் வேறு. ஒன்று அமைதி, மற்றொன்று கொலை. எழுத்துகளை எண்ணிவிட்டால் மட்டும் சொல்லின் பொருள் விளங்கிவிடாது. அதுபோல அணுக்களை எண்ணினால் மட்டும் பொருளின் இயல்பு விளங்காது. அவை எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பது தெரிய வேண்டும். மூலக்கூறுக்கு ஓர் அமைப்பு உண்டு என்ற எண்ணத்தின் வித்து இங்கேதான் விழுந்தது.

தொகுதிகளும் பதிலீடும்

வித்து முளைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தின் கொள்கைகளை விரைந்து பார்த்துச் செல்வோம்.

1832-இல் லீபிக்கும் வோலரும் கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்தபோது, பல மாறுதல்களுக்கு இடையிலும் பிரியாமல் ஒன்றாகவே நிற்கும் ஓர் அணுக்கூட்டத்தைக் கண்டு, அதற்குப் பென்சாயில் என்று பெயர் வைத்தனர். கரிமப் பொருள்கள் இத்தகைய தொகுதிகளால் ஆனவை என்பது அவர்கள் கருத்து. பெர்சீலியசோ அணுக்களுள் சில நேர்மின் தன்மையும் சில எதிர்மின் தன்மையும் உடையவை, அந்த ஈர்ப்பினாலேயே பொருள்கள் உண்டாகின்றன என்று வாதித்தார்.

அதற்குப் பிரெஞ்சுக்காரர் டூமா ஓர் இடையூறு கொண்டு வந்தார். அசெட்டிக் அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் மூன்றை நீக்கி அவ்விடத்தில் குளோரினை வைத்தார். கிடைத்த பொருளும் அமிலமாகவே இருந்தது. நேர்மின் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் எதிர்மின் குளோரின் அமர்வதா? கட்சிகள் பிரிந்தன. 1840-இல் லீபிக்கின் ஆராய்ச்சி இதழிலேயே ஒரு நையாண்டிக் கடிதம் வெளிவந்தது. ஒரு பொருளில் உள்ள அணுக்கள் எல்லாவற்றையும் குளோரினால் பதிலீடு செய்தும் அதன் இயல்பு மாறவில்லை என்றும், குளோரினாலேயே நெய்த துணி லண்டன் கடைகளில் கிடைக்கிறது என்றும் அதில் கண்டிருந்தது. எழுதியவர் பெயர் எஸ். சி. எச். விண்ட்லர். சேர்த்துப் படித்தால் ஜெர்மன் மொழியில் ஏமாற்றுக்காரன் என்று பொருள்! உண்மையில் எழுதியவர் வோலர்.

நகைப்பு ஒருபுறம் இருக்க, டூமா கண்ட உண்மை நிலைத்தது. லோரான், கெரார் ஆகிய இருவரும் பொருள்களை நீர் வகை, அம்மோனியா வகை எனச் சில வகைகளாக ஒழுங்குபடுத்தினர். ஆயினும் அணுக்கள் உள்ளே எவ்வாறு நிற்கின்றன என்பதை அறியவே இயலாது என்பது கெராரின் நிலை. வாய்பாடு என்பது வினைகளின் சுருக்கக் குறிப்பேயன்றி மூலக்கூறின் உருவம் ஆகாது என்றார் அவர்.

நான்கு கைகள்

இம்முட்டுக்கட்டையை உடைத்தது இணைதிறன் என்னும் கருத்து. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலேயே பிற அணுக்களோடு சேர்கிறது என்பதை 1852-இல் இங்கிலாந்தின் ஃபிராங்லாந்து எடுத்துக் காட்டினார். 1858-இல் இருவர், ஒருவரை ஒருவர் அறியாமல், கார்பனின் இரகசியத்தைச் சொன்னார்கள். கார்பன் அணுவுக்குக் கைகள் நான்கு. அக்கைகளால் அது மற்றொரு கார்பனையும் பற்றிக்கொண்டு சங்கிலியாக நீளவல்லது. இவ்வளவுதான் செய்தி. இலட்சக்கணக்கான கரிமப் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இதுவே விடை.

அவ்விருவருள் ஒருவர் ஜெர்மானியரான கெக்குலே. அவர் புகழ் பெற்றார். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான கூப்பர், வயது 27. பாரிசில் வூர்ட்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அவர் தம் கட்டுரையை எழுதினார். அது அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்படுவதில் தாமதம் நேர்ந்தது. அதற்குள் கெக்குலேயின் கட்டுரை வெளிவந்து விட்டது. மனமுடைந்த கூப்பர் நாடு திரும்பினார், விரைவில் நோயுற்றார். 1892-இல் இறக்கும் வரை அவர் மீண்டும் அறிவியலில் ஈடுபடவே இல்லை. அணுக்களுக்கு இடையே கோடு வரைந்து பிணைப்பைக் காட்டியவர்களுள் அவர் முன்னோடி. கெக்குலேயின் வரலாற்றை எழுத முற்பட்ட ஆன்ஷுட்ஸ் என்பவரே பிற்காலத்தில் கூப்பரின் கதையைத் தேடி எடுத்து உலகுக்குச் சொன்னார். நாம் நாள்தோறும் போடும் அந்தச் சிறு கோட்டுக்குப் பின்னால் இப்படியும் ஒரு வாழ்வு இருக்கிறது.

அக்காலக் குழப்பத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். 1861-இல் கெக்குலே வெளியிட்ட பாடநூலில் அசெட்டிக் அமிலத்திற்கு அந்நாளில் வழங்கிய 19 வாய்பாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறார்! கார்பனின் அணு எடை 6 என்பார் சிலர், 12 என்பார் சிலர். பின் வாய்பாடு எப்படி ஒன்றாகும்? 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலார் மாநாட்டில் இத்தாலியர் கன்னிசாரோவின் சிறுநூல் வழங்கப்பட்டது. அணு எடைகளைக் கணிக்கும் சரியான வழியை அது காட்டியது. அதன் பின்னரே வாய்பாடுகள் ஒருமுகப்பட்டன. 1861-இல் ருஷ்ய அறிஞர் பூட்லெரோவ் மேலும் ஓர் அடி முன் சென்றார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அமைப்பே உண்டு; அதை வினைகளால் கண்டறிய முடியும் என்று துணிந்து கூறினார். கெரார் இயலாது என்றதை இவர் இயலும் என்றார்.

எப்படி இயலும்? இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்ஸிஜன் உடைய இரு மாற்றியங்களைப் பாருங்கள். ஒன்று எதில் ஆல்கஹால். 78 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர்மம். மற்றொன்று டைமெதில் ஈதர். சுழிக்குக் கீழே 24 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடும். ஆல்கஹாலில் சோடியத் துண்டைப் போட்டால் ஹைட்ரஜன் வெளிவருகிறது. எவ்வளவு சோடியம் போட்டாலும் ஆறில் ஒரு பங்கு ஹைட்ரஜனே வரும். எஞ்சிய ஐந்து பங்கு அசையாது. ஆகவே அந்த ஒரு ஹைட்ரஜன் மட்டும் வேறிடத்தில், ஆக்ஸிஜனைப் பற்றி நிற்கிறது என்று துணியலாம். ஈதரில் சோடியம் எதுவும் செய்வதில்லை. அங்கே ஹைட்ரஜன் ஆறும் கார்பனிடமே உள்ளன. ஆக்ஸிஜன் இரு கார்பன்களுக்கு நடுவே நிற்கிறது. ஹைட்ரஜன் அயோடைடால் தாக்கினால் ஈதர் நடுவில் முறிந்து, ஒற்றைக் கார்பன் துண்டுகளாகப் பிரிகிறது. பாருங்கள், ஒரு சோடியத் துண்டு மூலக்கூறின் உள்வீட்டுச் செய்தியை நமக்குச் சொல்லி விடுகிறது.

ஆறு பேர் வட்டம்

இனி நம் தம்பியின் கேள்விக்கு வருவோம். பென்சீனை 1825-இல் ஃபாரடே, விளக்கு எரிக்கும் வாயுவை அழுத்தியபோது தங்கிய எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார். கார்பன் ஆறு, ஹைட்ரஜனும் ஆறு. நான்கு கையுடைய கார்பன் ஆறுக்கு இவ்வளவு குறைந்த ஹைட்ரஜன் எப்படிப் போதும்? 1865-இல் கெக்குலே விடை கூறினார்: சங்கிலியின் இரு முனைகளும் சேர்ந்து வளையமாகி விட்டன.

தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்டு இதை உணர்ந்ததாக, 1890-இல் பெர்லினில் தமக்கு எடுத்த விழாவில் அவர் சொன்னார். அக்கதையை அறியாத மாணவர் இலர். ஆனால் கனவு ஒரு கருத்தைத் தரலாம்; அதை நிறுவாது. வளையத்தை நிறுவியது எண்ணிக்கையே. அதைச் செய்து காட்டியவருள் சிறந்தவர் கெக்குலேயிடம் உதவியாளராக இருந்து பின்னர் இத்தாலியில் பணியாற்றிய கோர்னர். அவர் பெயரை நம் மாணவர் பலர் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நண்பர்கள் கைகோத்து வட்டமாக நிற்பதாகக் கருதுங்கள். ஒருவருக்கு மட்டும் தலைப்பாகை கட்டினால், யாருக்குக் கட்டினாலும் வட்டத்தைச் சற்றுச் சுழற்றினால் ஒரே காட்சிதான். பென்சீனில் ஒரு ஹைட்ரஜனைக் குளோரினால் பதிலீடு செய்தால் ஒரே ஒரு பொருள்தான் கிடைக்கிறது. வட்டமாக அன்றி வரிசையாக நின்றிருந்தால், ஓரத்தில் நிற்பவருக்குக் கட்டுவது வேறு, நடுவில் நிற்பவருக்குக் கட்டுவது வேறு ஆகியிருக்கும்.

இப்போது இருவருக்குக் கட்டுங்கள். அடுத்தடுத்து நிற்பவர் இருவர். நடுவே ஒருவரை விட்டு நிற்பவர் இருவர். எதிரெதிரே நிற்பவர் இருவர். இம்மூன்று வகைக்கு மேல் இல்லை. டைபுரோமோபென்சீனும் மூன்றே வகையில் கிடைக்கிறது. இவற்றையே முறையே ஆர்த்தோ, மெட்டா, பாரா என்கிறோம்.

ஆனால் கையில் மூன்று குப்பிகள் இருக்கின்றன. எதில் இருப்பது ஆர்த்தோ, எதில் இருப்பது பாரா? குப்பியின் மேல் இயற்கை பெயர் ஒட்டி அனுப்பவில்லை. இங்கேதான் கோர்னரின் நுட்பம் விளங்குகிறது. 1874-இல் அவர் வெளியிட்ட முறை இது: ஒவ்வொன்றிலும் மூன்றாவது புரோமினைச் சேர்த்து, எத்தனை வேறு பொருள்கள் பிறக்கின்றன என்று எண்ணுக. நம் வட்டத்திலேயே மூன்றாமவருக்குத் தலைப்பாகை கட்டிப் பாருங்கள். அடுத்தடுத்து நின்ற இருவரோடு மூன்றாமவரைச் சேர்க்க இரண்டு வழிகளே உண்டு. ஒருவரை விட்டு நின்ற இருவரோடு சேர்க்க மூன்று வழிகள். எதிரெதிரே நின்ற இருவரோடு சேர்க்க ஒரே வழி. எஞ்சிய நால்வருள் யாரைத் தேர்ந்தாலும் காட்சி ஒன்றே.

ஆகவே இரண்டு பொருள் தருவது ஆர்த்தோ. மூன்று தருவது மெட்டா. ஒன்றே தருவது பாரா. பிள்ளைகளை எண்ணித் தாயை அடையாளம் காண்பது போன்றது இது. அணுவை ஒருவரும் கண்டதில்லை; ஆனால் அணு நிற்கும் இடம் ஐயமற்றுத் தெரிந்துவிட்டது. கரிம வேதியியலில் நான் படித்தவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்த வாதம் இதுவே. இதற்கு ஆங்கிலப் புலமையும் வேண்டியதில்லை, உயர்ந்த கணிதமும் வேண்டியதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரிந்தால் போதும்.

ஆயினும் ஒரு தடை எஞ்சியது. நான்கு கைகளுக்கும் வேலை தர, கெக்குலே வளையத்தில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதாகக் கொண்டார். அப்படியானால் ஆர்த்தோவிலேயே இரு வகை இருக்க வேண்டும்: இரு புரோமின்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு உள்ளது ஒன்று, இரட்டைப் பிணைப்பு உள்ளது மற்றொன்று. கிடைப்பதோ ஒன்றே. இதை 1869-இல் லாடன்பர்க் எடுத்துக் காட்டினார். பிணைப்புகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன என்று 1872-இல் கெக்குலே விடையளித்தார். அது முழுநிறைவு தரவில்லை. அந்த வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

தாளை விட்டு எழுந்த மூலக்கூறு

அதுவரை வரைந்த வாய்பாடுகள் எல்லாம் தாளில் தட்டையாகக் கிடந்தன. 1865-இல் லண்டனில் ஹோஃப்மன் தம் சொற்பொழிவில் குரோக்கே ஆட்டப் பந்துகளைக் கம்பிகளில் கோத்து மாதிரிகள் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்ஸிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம். நம் ஆய்வுக்கூட அலமாரியில் உள்ள மாதிரிகளும் இந்நிறங்களையே பின்பற்றுகின்றன. ஆனால் அவருடைய மாதிரிகளில் கார்பனின் நான்கு கைகளும் ஒரே தளத்தில் சிலுவை போல் நீட்டியிருந்தன.

அது சரியானால், கார்பன் ஒன்றில் இரண்டு ஹைட்ரஜனும் இரண்டு குளோரினும் உள்ள பொருள் இரு வகையாக இருக்க வேண்டும்: குளோரின்கள் அடுத்தடுத்து நிற்பது ஒன்று, எதிரெதிரே நிற்பது ஒன்று. ஆனால் ஒரே வகைதான் உண்டு. மறுபுறம், தட்டையான வாய்பாட்டில் இரண்டாக இருக்க வழியே இல்லாத பொருள்கள் சில இரண்டாகக் கிடைத்தன. 1848-இல் பாஸ்டர், தம் 25-ஆம் வயதில், டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களைக் கூர்ந்து நோக்கி, அவற்றுள் ஒன்றன் நிழல் போல் மற்றொன்று வலம் இடம் மாறி இருப்பதைக் கண்டு, கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். ஒன்றன் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தை வலப்புறம் திருப்பியது. மற்றதன் கரைசல் அதே அளவு இடப்புறம் திருப்பியது. புளித்த பாலிலும் தசையிலும் உள்ள லாக்டிக் அமிலங்களும் இத்தகைய புதிரையே எழுப்பின.

ஒருபுறம் எதிர்பார்த்ததை விடக் குறைவு. மறுபுறம் எதிர்பார்த்ததை விடக் கூடுதல். இரு கணக்கையும் ஒருசேரத் தீர்த்தவர் ஹாலந்தைச் சேர்ந்த வான்ட் ஹாஃப். 1874-இல் அவர் ஒரு சிறு வெளியீட்டில், கார்பனின் நான்கு கைகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீள்கின்றன என்றார். அப்போது அவருக்கு வயது 22. என்னைவிட ஒன்று இளையவர். அதே ஆண்டில் பாரிசில் லெ பெல் என்பவரும் தனியாக இம்முடிவுக்கு வந்தார். நான்முகியில் எந்த இரு மூலையும் அடுத்தடுத்தவையே. எனவே இரு குளோரின் பொருள் ஒன்றாகத்தான் இருக்க முடியும். நான்கு மூலையிலும் நான்கு வேறு தொகுதிகள் அமைந்தால், வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரு வடிவங்கள் வரும். வலக்கால் செருப்பு இடக்காலுக்கு ஆகாது அல்லவா? அதுபோலவே.

இப்போது கோல்பே மீண்டும் வருகிறார். அசெட்டிக் அமிலத்தை ஆக்கி உயிராற்றல் கொள்கையைத் தளரச் செய்த அதே கோல்பே, 1877-இல் இப்புதுக் கொள்கையைக் கடுமையாக இகழ்ந்து எழுதினார். கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் கற்பனைக் குதிரையேறி அணுக்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து வந்தானாம் என்று ஏளனம் செய்தார். கோல்பே அறிவிற் குறைந்தவர் அல்லர். ஆய்வில் அவர் பெரியவர். ஆனால் கண்ணுக்குப் புலப்படாததைப் பற்றிப் பேசுவதே அறிவியலுக்கு ஒவ்வாது என்ற எண்ணம் அவரைத் தடுத்தது. புலப்படாததைப் பற்றிப் பேசலாம், ஆனால் அப்பேச்சு புலப்படும் ஒன்றை எண்ணிச் சொல்ல வேண்டும் என்பதை வான்ட் ஹாஃப் காட்டினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்கே வழங்கப்பட்டது.

பின்னர் வந்த சாட்சிகள்

உய்த்துணர்ந்ததை இருபதாம் நூற்றாண்டு நேரில் சோதித்தது. 1913-இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு வைரத்தை ஆராய்ந்தனர். ஒவ்வொரு கார்பனையும் சுற்றி நான்கு கார்பன்கள், நான்முகியின் மூலைகளில், வான்ட் ஹாஃப் சொன்னபடியே நின்றன. 1929-இல் கேத்லீன் லான்ஸ்டேல் என்னும் பெண் அறிஞர், பென்சீன் வளையம் கொண்ட ஒரு படிகத்தை ஆராய்ந்து, அவ்வளையம் தட்டையான ஒழுங்கு அறுகோணமே என்று நிறுவினார்.

ஒத்திவைத்த வழக்குக்கும் அப்போது தீர்ப்பு வந்தது. கார்பன்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பின் நீளம் ஏறக்குறைய 1.54 ஆங்ஸ்ட்ராம், இரட்டைப் பிணைப்பின் நீளம் 1.34. பென்சீனில் ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், ஏறக்குறைய 1.39. அதாவது ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை. 1916-இல் லூயிஸ் பிணைப்பென்பது இரு அணுக்கள் பகிர்ந்துகொள்ளும் எலெக்ட்ரான் இணை என்று கூறியிருந்தார். 1930-களின் தொடக்கத்தில் பாலிங்கும் ஹூக்கலும் புதிய குவாண்டம் கொள்கையைக் கொண்டு பென்சீனை விளக்கினர். இருவரின் கணக்கும் வேறு வேறு வழிகளில் சென்றது. ஆனால் ஆறு எலெக்ட்ரான்கள் எந்த இரு கார்பனுக்கும் தனியுடைமை ஆகாமல், ஊர்ப் பொதுக்குளம் போல வளையம் முழுமைக்கும் உரியவை என்பது இரண்டிலும் தெளிவாயிற்று. பொதுக்குளத்தின் எந்தக் கரையில் நின்றாலும் நீர் ஒன்றே. ஆகவேதான் ஆர்த்தோ இரண்டாகவில்லை.

இங்கே நம்மவர் ஒருவரையும் நினைவு கூர்வது பொருந்தும். வத்திராயிருப்புப் பகுதியில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், தாக்காவிலும் பின்னர் கல்கத்தாவிலும் பணியாற்றியபோது, நாப்தலீன், ஆந்திரசீன் போன்ற படிகங்கள் காந்தப்புலத்தில் எவ்வாறு திரும்புகின்றன என்று நுட்பமாக அளந்தார். பென்சீன் வளையங்கள் கொண்ட மூலக்கூறு, வளையத்தின் தளத்திற்குச் செங்குத்தான திசையில்தான் காந்தத்தை மிகுதியாக எதிர்க்கும். எனவே படிகம் திரும்பும் வகையை அளந்தால், உள்ளே வளையங்கள் எப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்று கணக்கிடலாம். 1936-இல் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் இணைந்து இதுபற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஊரை விட்டு வெகு தொலைவில் இருந்து, ஒரு நூலில் தொங்கும் படிகத்தைக் கொண்டு மூலக்கூறின் சாய்வைச் சொன்ன அவர், நம்மைப் போல் வெளியூரில் படிப்போர்க்கு ஊக்கம் தரும் முன்னோர்.

இறுதிச் சாட்சி நம் காலத்தது. 2009-இல் ஸ்விட்சர்லாந்தில், அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டு, ஐந்து வளையங்கள் வரிசையாக அமைந்த பெண்டசீன் மூலக்கூறு ஒன்றைத் தனியாகப் படம் எடுத்தனர். படத்தில் ஐந்து அறுகோணங்களும் தெளிவாகத் தெரிகின்றன. கெக்குலே வளையத்தைச் சொல்லி அப்போது 144 ஆண்டுகள் ஆகியிருந்தன. “யார் பார்த்தது?” என்று கேட்ட தம்பிக்கு அப்படத்தைக் காட்டலாம். ஆனால் கோர்னரின் குப்பிகளைப் பற்றிச் சொன்ன பிறகே காட்ட வேண்டும் என்பேன்.

நாம் படிக்கும் முறை

என்னோடு சேர்ந்த நண்பர் ஒருவர், தமிழ்வழியில் படித்து வந்தவர், இப்பாடத்தைக் கண்டு அஞ்சி முதலாண்டிலேயே படிப்பை விட்டு ஊர் திரும்பினார். அறிவில் அவர் எங்களில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். பெயர்களும் படங்களும் காரணமின்றி வந்து விழுந்ததே அவரை மிரட்டியது. நமக்குள் இன்னும் ஒருவர் அவ்வாறு போகக் கூடாது. அதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இனி ஓர் அமைப்பு வாய்பாட்டைக் காணும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இவ்வமைப்பு சரியானால் எத்தனை மாற்றியங்கள் இருக்க வேண்டும்? உண்மையில் எத்தனை கிடைக்கின்றன? இதே அணுக்களை வேறு எவ்விதம் அடுக்கலாம், அந்த அடுக்கு ஏன் தள்ளப்பட்டது? விடையை முதலில் தமிழிலேயே சிந்தியுங்கள். சிந்தனை தெளிந்தபின் அதை ஆங்கிலத்தில் எழுதுவது அவ்வளவு கடினம் அன்று. ஆர்த்தோ, மெட்டா, பாரா ஆங்கிலேயருக்கும் அயல்மொழிச் சொற்களே, கிரேக்கத்திலிருந்து வந்தவை.

பழகிப் பார்க்க மூன்று கணக்குகள் தருகிறேன்.

1. ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன் கொண்ட பொருளுக்கு எத்தனை மாற்றியங்கள்? கார்பனுக்கு நான்கு கை என்பதை மட்டும் மறவாதீர்கள்.

2. நான்கு கார்பன் கொண்ட ஆல்கஹால்களை அமைப்பைக் கொண்டு எண்ணுக. அவற்றுள் ஒன்றைப் பூட்லெரோவ் முதலில் தாளில் எண்ணிச் சொல்லி, 1864-ஆம் ஆண்டளவில் குப்பியிலும் ஆக்கிக் காட்டினார். அது எது?

3. டிரைபுரோமோபென்சீன் மூன்று வகை. ஒவ்வொன்றிலும் நான்காவது புரோமினைச் சேர்த்தால் எத்தனை எத்தனை பொருள்கள் கிடைக்கும்? அந்த எண்களைக் கொண்டு மூன்றையும் அடையாளம் காண முடியுமா?

மூன்றாவது கணக்கைச் செய்து முடிப்பவர், கோர்னர் நடந்த வழியில் தாமும் சிறிது தூரம் நடந்தவர் ஆவார். விடைகளை எழுதிக்கொண்டு சங்கத்தின் அடுத்த கூட்டத்திற்கு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து சரிபார்ப்போம்.